சார்ஜ் ஒப்படைக்காமல் போன டிரைவர்கள்

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஓர் எழுத்தர் மாறுதலாகிப் போனால், கடைசி நாள் மாலையில் பதிவேடுகளைப் பட்டியல் போட்டு, பீரோ சாவியைக் கொடுத்து, ஒப்படைத்தவர் ஒரு கையெழுத்து, ஏற்றுக்கொண்டவர் ஒரு கையெழுத்து என்று போட்ட பிறகுதான் படி இறங்க வேண்டும். இதற்குச் 'சார்ஜ் ஒப்படைப்பது' என்று பெயர். ஒப்படைக்காமல் போனவர்களையும் என் சர்வீசில் பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு வகை உண்டு. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். இது ஒரு வகை. பதிவேட்டில் பெயரை அடித்த பிறகும் ஆள் வந்து பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். இது இன்னொரு வகை. இரண்டாலும் செக்ஷன் வேலை கெடும்.

கம்ப்யூட்டருக்குள்ளும் இந்த இரண்டு வகை ஆசாமிகள் உண்டு என்று எனக்குத் தெரியவந்தது 2018-இல், பக்கத்துத் தெரு ஆச்சி வீட்டில். அந்தக் கதையையும், அதைச் சாக்காக வைத்து நான் படித்துத் தெரிந்துகொண்ட பழைய சரித்திரத்தையும் இன்று எழுதுகிறேன். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நம் வயதுக்காரர்களுக்கு உபயோகப்படலாம்.

ஆச்சியின் வீட்டுக்காரர் இருந்தவரையில் பதினோரு வருடம் விடாமல் குடும்பச் சரித்திரம் எழுதினார். எந்தப் பாட்டன் எந்த வருடம் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார், எந்த ஊரில் கொடுக்கல் வாங்கல், வளவில் எந்த அறை எந்தப் பங்காளிக்கு, எந்தக் கல்யாணத்தில் யார் இசைகுடிமானத்தில் கையெழுத்துப் போட்டார் என்று அத்தனையும். பாதி செய்தி பழைய ஏட்டிலிருந்து, பாதி தொண்ணூறு வயதுக்காரர்களைக் கேட்டு. கேட்கப்பட்டவர்களில் ஒருவர்கூட இன்று இல்லை. அவரும் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது.

ஒரு நாள் ஆச்சி கூப்பிட்டு அனுப்பினார். போனால், கம்ப்யூட்டர் திறக்கிறது, பத்து நிமிடம் ஓடுகிறது, நீலத் திரை வந்து சோகமுகம் காட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. கடைக்காரப் பையன் வந்து பார்த்துவிட்டு, "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு ஆச்சி, ஃபார்மட் போட்டுடலாம்" என்று சொல்லியிருக்கிறான். வெளிநாட்டில் இருக்கும் பேரனோ, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்லிவிட்டான்.

"ஏந்தம்பி, அவுக எழுதுனது அம்புட்டும் அதுக்குள்ளதானே இருக்கு. அழிச்சிப்புட்டு என்னத்தச் சரி பண்றது?" என்றார் ஆச்சி.

நான் இன்ஜினியர் இல்லை. கடைசிப் பத்து வருட சர்வீசில் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, "உனக்குத்தான் டைப் தெரியுமே" என்று என் தலையில் கட்டினார்கள். அதில் கற்றதுதான் எல்லாம். ஆனால் ஒன்று தெரியும். ஹார்ட் டிஸ்க் கெட்டிருந்தால் அது தன் இஷ்டத்துக்கு, கண்ட நேரத்தில் மக்கர் பண்ணும். இது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விழுகிறது. அதோடு நீலத் திரையின் அடியில் ஒரு கோப்பின் பெயரும் வருகிறது, தினமும் அதே பெயர். தினமும் ஒரே ஆள் பெயரில் புகார் வந்தால் முதலில் அந்த ஆளைத்தானே விசாரிக்க வேண்டும்?

அது ஒரு டிரைவரின் பெயர்.

டிரைவர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிண்டர், கீபோர்டு, சவுண்டு கார்டு என்று கம்ப்யூட்டரோடு சேர்ந்த ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பாஷை. விண்டோசுக்கு அத்தனை பாஷையும் தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்க்கும் சின்ன நிரல்தான் டிரைவர். காரைக்காலில் நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிரெஞ்சில் இதற்குப் 'பிலோத்' என்று பெயர். துறைமுகத்துக்கு வெளியே படகில் போய்க் கப்பலில் ஏறி, உள்ளே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு இறங்கிப் போகும் பைலட் இருக்கிறாரே, அதே சொல். டிரைவரை விட அதுதான் பொருத்தமென்று எனக்குத் தோன்றும். கம்ப்யூட்டருக்கே அவர்கள் 'ஒர்தினாத்தர்' என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். 1955-இல் ஐபிஎம் கம்பெனியின் பிரெஞ்சுக் கிளை நல்ல பெயர் கேட்டு எழுத, சொர்போன் பல்கலைக்கழக லத்தீன் பேராசிரியர் ழாக் பெரே யோசித்துக் கொடுத்த பெயர் அது.

தமிழில் 'இயக்கி' என்கிறார்கள். நெல்லை, குமரிப் பக்கத்து நண்பர்கள் சிரிப்பார்கள். அங்கே இயக்கி என்றால் இசக்கி அம்மன். இடத்தை விட்டுப் போகாத தெய்வம். சொல்லை உண்டாக்கியவர்கள் அதை நினைத்திருக்க மாட்டார்கள், ஆனால் என் கதைக்கு அதுவும் பொருந்துகிறது.

இந்த டிரைவர் சமாசாரம் நம் மேசைக்கு வந்தது 1983-இல் வெளியான எம்எஸ்-டாஸ் இரண்டாம் பதிப்பில். அதில் 'கான்ஃபிக்.சிஸ்' என்று ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கும். மவுஸ் வாங்கினால் அதில் ஒரு வரி எழுதுவோம். மவுஸ் வேண்டாமென்றால் அந்த வரியை அடித்துவிட்டால் தீர்ந்தது. கோப்பை அழித்துவிட்டு வரியை அடிக்க மறந்தால், கோப்பு இல்லை அல்லது கெட்டிருக்கிறது என்று ஒரு வரி சொல்லிவிட்டு டாஸ் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். ஆளில்லாவிட்டால் ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுகிற நல்ல ஹெட்கிளார்க் மாதிரி.

1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் அந்த வரிகள் 'சிஸ்டம்.இனி' என்ற கோப்பில் குவிந்தன. அப்போது மென்பொருளை நீக்குவது என்றால் ஃபோல்டரை அழிப்பதுதான். அந்த மென்பொருள் வேறு எங்கெங்கே என்னென்ன எழுதியது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது மைக்ரோசாஃப்ட் ஓர் ஒழுங்கு கொண்டுவந்தது. கன்ட்ரோல் பேனலில் சேர்க்க-நீக்க ஓர் இடம். விண்டோஸ் 95 முத்திரை வேண்டுமென்றால் மென்பொருள் தன்னைத்தானே நீக்கிக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி. அதே விண்டோஸ் 95-இல்தான் ஒரு கருப்புத் திரைச் செய்தியும் உண்டு. அக்காலத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு சாதனக் கோப்பைக் காணோம், ரிஜிஸ்ட்ரியிலோ சிஸ்டம்.இனியிலோ அதன் பெயர் இருக்கிறது, நீங்களே வேண்டுமென்று அழித்திருந்தால் அந்த மென்பொருளை முறைப்படி நீக்குங்கள் என்று நீளமாகச் சொல்லி, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லும். தினமும் காலையில் அந்த விசையை அழுத்திவிட்டு வேலை ஆரம்பிப்பதே எங்கள் செக்ஷனில் பழக்கமாகிவிட்டது. அது எதற்கு வருகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட.

ஆனால் இன்றைய விண்டோஸ் அந்தக் கிளையில் வந்ததல்ல. டேவிட் கட்லர் என்பவர் தலைமையில் எழுதப்பட்டு 1993 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் என்டிதான் இப்போது நாம் வைத்திருக்கும் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் மூதாதை. அதில் வெளிக்கட்டு, உள்கட்டு என்று இரண்டு பிரிவு. நம்மூர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வேர்டு, எக்செல் போன்றவை முகப்புத் திண்ணையோடு சரி. அங்கே ஒருவர் மயங்கி விழுந்தால் அவரை மட்டும் தூக்கி வெளியே விடலாம், வீடு நடக்கும். கெர்னல் என்பது உள்கட்டு. பெட்டகம் இருக்கிற இடம். டிரைவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அங்கே வேலை. உள்கட்டில் ஒருவர் தவறான இடத்தில் கை வைத்தால், சொத்துக் கெடாமல் இருக்க விண்டோஸ் மொத்த வீட்டையும் பூட்டிவிடும். அந்தப் பூட்டுதான் நீலத் திரை. ஆகவே நீலத் திரையைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை. உங்கள் கோப்புகள் நாசமாவதற்கு முன் நிறுத்திக்கொண்டேன் என்பதே அது சொல்வது.

பில் கேட்சுக்கே இது நடந்தது. 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சியில் விண்டோஸ் 98-ஐ மேடையில் காட்டினார்கள். உதவியாளர் ஒரு ஸ்கேனரைச் சொருகினார். அதற்கான டிரைவர் ஏறிக்கொண்டிருக்கும்போதே பெரிய திரை முழுதும் நீலம். கூட்டம் சிரித்தது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு அனுப்பவில்லை போலும் என்ற அர்த்தத்தில் கேட்ஸ் ஒன்று சொல்லிச் சமாளித்தார். ஒன்பது வருடம் கழித்தும் கதை மாறவில்லை. விஸ்டா வந்த 2007-இல் மைக்ரோசாஃப்டுக்குப் போய்ச் சேர்ந்த கோளாறு அறிக்கைகளில் ஏறக்குறைய 29 சதவீதம் என்விடியா கம்பெனியின் டிரைவர்களால் என்று பின்னால் ஒரு வழக்கில் வெளியான ஆவணங்கள் காட்டின.

இருக்கிற டிரைவர் இப்படியென்றால், போன டிரைவர்?

என்டி வழியில் டிரைவர்களின் பெயர்களெல்லாம் ரிஜிஸ்ட்ரி என்ற பெரிய பதிவேட்டில் 'சர்வீசஸ்' என்ற பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் எண். 0 என்றால் விண்டோஸ் கண் விழிக்கும்போதே வர வேண்டும். 1 என்றால் அதற்கு அடுத்து. 2 தானாக வரும். 3 கூப்பிட்டால் வரும். 4 என்றால் வரவே வேண்டாம். மென்பொருளை நீக்கும்போது, அதை எழுதியவர் ஒழுங்கானவராக இருந்தால் இந்தப் பெயரை அடித்து, கோப்பையும் எடுத்துக்கொண்டு போவார். பலர் செய்வதில்லை. பாதி நேரம் சோம்பல், மீதி நேரம் பயம். அந்த டிரைவரை வேறொரு மென்பொருளும் பயன்படுத்திக்கொண்டிருந்தால்? அதற்குப் பயந்து விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மென்பொருள் போய்விடும், மெனுவில் பெயர் இருக்காது. டிரைவர் மட்டும் தினமும் காலையில் வந்து உள்கட்டில் உட்காரும். அதன் கம்பெனி மூடியிருக்கலாம். புதிய பதிப்பு வராது. விண்டோஸ் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் இடிக்கும்.

இன்னொரு வில்லங்கம் 'ஃபில்டர்' டிரைவர். வடிகட்டி. இது சாமானோடு நேரடியாகப் பேசாது. ஏற்கெனவே இருக்கும் டிரைவருக்கு மேலோ கீழோ நின்று, போகிற வருகிறதை வடிகட்டும். ஆன்டிவைரஸ், சிடி எழுதும் மென்பொருள், கீபோர்டை மாற்றும் மென்பொருள் எல்லாம் இப்படிச் சில பேரை நிறுத்தும். சாமான் வேலை செய்ய வேண்டுமென்றால் வரிசையில் எழுதியிருக்கும் எல்லோரும் ஆஜராக வேண்டும். ஒருவர் வராவிட்டால் அந்தச் சாமானே கிடையாது.

இதை உலகத்துக்கே காட்டிக் கொடுத்தது ஒரு பாட்டு சிடி. 2005 அக்டோபர் 31-ஆம் தேதி மார்க் ருசினோவிச் என்ற அமெரிக்க நிபுணர், தான் காசு கொடுத்து வாங்கிய சோனி பிஎம்ஜி கம்பெனியின் சிடி ஒன்று தன் கம்ப்யூட்டருக்குள் சொல்லாமல் கொள்ளாமல் ஒளிவு டிரைவர்களை இறக்கியிருப்பதைக் கண்டுபிடித்து எழுதினார். நகல் எடுப்பதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. நீக்க வழியே வைக்கவில்லை. அவர் தாமே பிடுங்கி எறிந்தார். மறுபடி திறந்தால் சிடி டிரைவையே காணோம்! வடிகட்டியின் கோப்பு போய்விட்டது, பதிவேட்டில் பெயர் இருந்தது. அவர் சமர்த்தர், பெயரை அடித்துச் சரி செய்துகொண்டார். பாட்டுக் கேட்க வாங்கிய சாதாரண ஜனம் என்ன செய்யும்? கம்பெனி பிறகு நீக்கும் வழி ஒன்று கொடுத்தது. அது திருடனுக்குக் கதவு திறந்துவிடுவதாக பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட் ஃபெல்டனும் அலெக்ஸ் ஹால்டர்மனும் காட்டினார்கள். நவம்பர் மாதமே சிடிக்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஐம்பதுக்கு மேற்பட்ட ஆல்பங்கள், இருபது லட்சத்துக்கும் மேல் விற்றுப் போன சிடிக்கள். இவ்வளவுக்கும் அவை ஒன்றும் திருட்டு சிடி இல்லை. காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் முப்பது ரூபாய்க்கு வாங்கிய சிடி எனக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை என்பதை இங்கே வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஆச்சி வீட்டுக்கு வருவோம்.

நீலத் திரையில் வந்த பெயர் என்ன என்று விசாரித்ததில் ஒரு பழைய நண்பன் வெளிப்பட்டான். தமிழ் டைப் அடிக்கும் மென்பொருளின் பூட்டு. நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். யூனிகோட் வருவதற்கு முன் தமிழுக்குப் பொது எழுத்துமுறை கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் படங்களை வைத்து ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு ஃபாண்ட் செய்தது. ஒருவர் அடித்ததை இன்னொருவர் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கல்தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில்தான் கீபோர்டுக்கும் எழுத்துமுறைக்கும் ஒரு பொதுத்தரம் பேசி முடித்தார்கள். தமிழக அரசு யூனிகோடை ஏற்று அறிவித்தது 2010-இல். அதுவரை கடை கடையாக, ஆபீஸ் ஆபீசாக வேறு வேறு தமிழ்.

இந்த மென்பொருள்களை ஓசியில் நகல் எடுக்காமல் இருக்க, சிலவற்றுக்கு 'டாங்கிள்' என்று ஒரு பூட்டு கொடுப்பார்கள். தீப்பெட்டி அளவு இருக்கும். கம்ப்யூட்டருக்குப் பின்னால் பிரிண்டர் சொருகும் 25 துளை வாயில் அதைச் சொருகி, அதன் முதுகில் பிரிண்டரைச் சொருக வேண்டும். பூட்டு இருந்தால்தான் மென்பொருள் திறக்கும். விண்டோஸ் 98 காலத்தில் மென்பொருள் நேராகவே அந்த வாயிலைத் தட்டிப் பார்க்கலாம். என்டி வழியில் திண்ணையில் இருப்பவர் வாயிலைத் தொடக்கூடாது. ஆகவே தட்டிப் பார்ப்பதற்கென்றே ஒரு டிரைவரை உள்கட்டில் உட்கார்த்தினார்கள். ஆச்சி வீட்டு இயந்திரத்தில் இருந்தது அந்த ஆள். பெரியவர் 2010-இல் விண்டோஸ் 7-உடன் வாங்கியது. பிற்பாடு யூனிகோடுக்கு மாறி, பழைய மென்பொருளை முறைப்படி நீக்கிவிட்டார். பிரிண்டரும் மாறிவிட்டது. டிரைவர் மட்டும் இல்லாத பூட்டைத் தேடிக்கொண்டு பல வருடமாகத் தினமும் வந்திருக்கிறது. பேரன் விடுமுறையில் வந்தபோது இலவசமாகக் கிடைக்கிறதே என்று விண்டோஸ் 10 ஏற்றிவிட்டுப் போனான். அப்போதும் சும்மா இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஏதோ ஒரு பெரிய அப்டேட்டில்தான் இடித்துக்கொண்டது.

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, சேஃப் மோடில் ஏறினேன். சேஃப் மோடில் விண்டோஸ் தன் சொந்த ஆட்களை மட்டும் கூப்பிடும், வெளி ஆட்களைக் கூப்பிடாது. ஒரு மணி நேரம் ஆகியும் விழவில்லை. டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. முதல் காரியமாகப் பெரியவர் எழுதிய கோப்புகளை எல்லாம் பென் டிரைவில் நகல் எடுத்தேன். மாலை வீட்டுக்குக் கொண்டுபோய் என் கம்ப்யூட்டரில் திறந்தேன். கடைசி இரண்டு வருடம் எழுதியது தமிழ். அதற்கு முந்திய ஒன்பது வருடம் முழுக்க ஆங்கில எழுத்துக் கிறுக்கல். பழைய ஃபாண்ட் என் கம்ப்யூட்டரில் இல்லை. எந்தக் கடையிலும் இல்லை. மென்பொருள் கம்பெனியே இல்லை.

அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை என்று சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் போய்த் தேடினேன். விண்டோசின் ஃபாண்ட் ஃபோல்டரில், நீக்கப்பட்ட மென்பொருளின் ஃபாண்ட் அப்படியே இருந்தது! சார்ஜ் ஒப்படைக்காமல் போன புண்ணியவான் அதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்தப் பையன் ஃபார்மட் போட்டிருந்தால் டிரைவரும் போயிருக்கும், ரங்கூன் கப்பலும் போயிருக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மிச்சம் மீதியை ஒரே பட்டனில் துடைத்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களை அன்றிலிருந்து நான் கிட்டே சேர்ப்பதில்லை. எது குப்பை என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஃபாண்டை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்திய பிறகு டிரைவர் பக்கம் போனேன். 'மினிடம்ப்' என்று ஒரு ஃபோல்டர் சி டிரைவில் விண்டோசுக்குள் இருக்கும். ஒவ்வொரு நீலத் திரைக்கும் ஒரு சின்ன அறிக்கையை விண்டோஸ் அதில் எழுதி வைக்கும். அதைப் படித்துச் சொல்ல 'புளூஸ்கிரீன்வியூ' என்று நிர்சாஃப்ட் தரும் இலவசக் கருவி இருக்கிறது. பதினான்கு அறிக்கை இருந்தன. பதினான்கிலும் பூட்டின் பெயர். பிறகு, மேலே சொன்ன ருசினோவிச் தன் கூட்டாளி பிரைஸ் காக்ஸ்வெல்லோடு சேர்ந்து எழுதிய 'ஆட்டோரன்ஸ்'. இப்போது அது மைக்ரோசாஃப்டின் கையில், இலவசம். அதில் டிரைவர்ஸ் என்ற பக்கத்தைத் திறந்தால் யார் யார் தினமும் வருகிறார்கள் என்று பட்டியல் தெரியும். பெயர் மட்டும் இருந்து கோப்பு இல்லாதவை மஞ்சள் நிறத்தில் நிற்கும். பூட்டின் பெயருக்கு முன்னால் இருந்த டிக்கை எடுத்தேன். அழிக்கவில்லை, டிக்கை மட்டும். தவறென்றால் மறுபடி போட்டுக்கொள்ளலாம் அல்லவா?

சாதாரணமாகத் திறந்தேன். பத்து நிமிடம், அரை மணி, இரண்டு மணி. விழவில்லை. ஆச்சி காபி கொண்டுவந்து வைத்தார்.

அத்தோடு எழுந்து வந்திருக்க வேண்டும். புத்தி கேட்கவில்லை. அதே கம்பெனிப் பெயரில் இன்னொரு டிரைவர் கண்ணில் பட்டது. ஒரு தொந்தரவும் செய்யாமல் இருந்தது. அந்த உற்சாகத்தில் டிக்கை எடுக்கும் பொறுமையும் போய், கோப்பையே அழித்தேன். மறுபடி திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது, கீபோர்டு செத்துக் கிடக்கிறது! வேறு கீபோர்டு வாங்கி வந்து சொருகினேன், அதுவும் சவம். சோனி சிடியில் ருசினோவிச்சுக்கு நேர்ந்தது இங்கே ஆச்சி வீட்டில் எனக்கு. நான் அழித்தது கீபோர்டின் வடிகட்டி. தட்டும் எழுத்தைத் தமிழாக மாற்ற அந்த மென்பொருள் நிறுத்தி வைத்திருந்த ஆள். கோப்பை அழித்தேன், பதிவேட்டில் பெயரை அடிக்கவில்லை.

மவுஸ் மட்டும் உயிரோடு இருந்தது. பாஸ்வேர்டு திரையின் வலது மூலையில் மாற்றுத் திறனாளிகளுக்கான வசதிப் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் திரையிலேயே ஒரு கீபோர்டு வரும். மவுசால் ஒவ்வோர் எழுத்தாகக் கிளிக் செய்து உள்ளே போனேன். ரிஜிஸ்ட்ரியில் கீபோர்டு வகைக்கான பக்கத்தில் 'அப்பர்ஃபில்டர்ஸ்' என்று ஓர் இடத்தில் இரண்டு பெயர். ஒன்று விண்டோசின் சொந்த ஆளான 'கேபிடிகிளாஸ்'. மற்றது நான் அழித்தவன். அந்த ஒரு பெயரை மட்டும் அடித்தேன். அவசரத்தில் கேபிடிகிளாசையும் சேர்த்து அடித்திருந்தால் கீபோர்டு அத்தோடு போயிருக்கும். இதே தப்பை டிஸ்க்குக்கான பக்கத்தில் செய்தால் விண்டோஸ் திறக்கவே திறக்காது. ரிஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன் நகல் எடுத்து வைப்பதும், சிஸ்டம் ரீஸ்டோர் புள்ளி ஒன்று போட்டு வைப்பதும் இதற்காகத்தான்.

கீபோர்டுக்கு உயிர் வந்தபோது இரவு எட்டு மணி. ஆச்சியிடம் என்ன நடந்தது என்று நான் இன்று வரை சொல்லவில்லை. இதைப் படிக்கும் உள்ளூர் நண்பர்களும் சொல்ல வேண்டாம்.

நம் ஒற்றைக் கம்ப்யூட்டர் கதை இது. இதையே உலக அளவில் 2024 ஜூலை 19-ஆம் தேதி பார்த்தோம். நம் நேரத்துக்குக் காலை 9.39. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி தன் டிரைவர் படிப்பதற்கென்று ஒரு சின்னத் தகவல் கோப்பை உலகமெங்கும் அனுப்பியது. டிரைவர் எதிர்பார்த்தது ஒன்று, வந்தது ஒன்று. படிவத்தில் 21 கட்டம், விவரம் கொடுத்தது 20-க்கு. இல்லாத 21-ஆவதைப் படிக்கப் போய் உள்கட்டில் தடுக்கி விழுந்தது. விண்டோஸ் கண் விழிக்கும்போதே வருகிற டிரைவர் அது. ஆகவே மறுபடி திறந்தால் மறுபடி விழுந்தது. 85 லட்சம் கம்ப்யூட்டர்கள். நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாசைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது, கையெழுத்து நன்றாக இருக்கிற கிளார்க்குக்கு இன்னும் மவுசு இருக்கிறது என்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். கம்பெனி 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் விழுந்துகிடக்கும் கம்ப்யூட்டர் திரும்பப் பெற்றதை எப்படித் தெரிந்துகொள்ளும்? பெரும்பாலான இடங்களில் ஆள் நேரில் போய், சேஃப் மோடில் ஏறி, டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் அந்தக் கம்பெனி பெயரிலிருந்த ஃபோல்டரில் ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. ஆச்சி வீட்டில் நான் செய்த அதே வேலை.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். அதில் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பழைய டிரைவர் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதைப் போட முடியாது. எந்த டிரைவர் ஒத்துவரவில்லை என்று பெயரையும் சொல்லும். எப்போதோ நீக்கிவிட்ட ஸ்கேனர், எப்போதோ விட்டுவிட்ட நெட் டாங்கிள் எல்லாம் அங்கே தலை காட்டும். பெயரைக் குறித்துக்கொண்டு விவரம் தெரிந்த பையனிடம் காட்டுங்கள். ஆன்டிவைரஸ் மாற்றும்போது பழையதைச் சாதாரணமாக நீக்கினால் போதாது. நார்ட்டன், மெக்கஃபி, காஸ்பர்ஸ்கி போன்றவர்கள் தங்கள் மிச்சத்தைத் துடைப்பதற்கென்றே தனிக் கருவி வைத்திருக்கிறார்கள். அவரவர் கம்பெனியினுடையதைத்தான் வாங்கிப் போட வேண்டும்.

பெரியவர் எழுதியதை ஒரு கன்வர்ட்டர் மூலம் யூனிகோடுக்கு மாற்றினோம். 'ஸ்ரீ' வருகிற இடமெல்லாம் வேறு ஏதோ விழுந்தது. உட்கார்ந்து திருத்த எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. முந்நூற்றுச் சொச்சம் பக்கம். நான்கு பிரதி அச்செடுத்து, பைண்டு செய்து, ஒன்றை ஆச்சி வைத்துக்கொண்டார்.

கொடுக்கப் போன அன்று ஆச்சி மேசை டிராயரைத் திறந்து, தீப்பெட்டி அளவு ஒரு சாமானை எடுத்துக் காட்டினார். 25 முள்ளும் வளையாமல் இருந்தது. "இது என்னமோ அவுக பத்திரமா வச்சிருந்தாக தம்பி. இனிமே வேணுமா?"

வேண்டாம் ஆச்சி என்றேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டு, வளவுச் சாவிகள் கிடந்த டப்பாவில் அதைப் போட்டு மூடினார்.